ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு

நம் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் சென்ற மாதம் திருநகரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஒரே மாணவருக்குத் தேர்வுப் பிரிவில் ஓர் எண், நூலகத்தில் ஓர் எண், விடுதியில் ஓர் எண், துறையில் வேறோர் எண் என்று ஏன் இருக்கிறது, இதை யார் இப்படி வடிவமைத்தார்கள் என்று கேட்டீர்கள். யாரும் வடிவமைக்கவில்லை, தானாக வளர்ந்தது என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. வடிவமைத்தார்கள். கணினியை மனத்தில் வைத்து அல்ல, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை மனத்தில் வைத்து.

எண்பதுகளின் நடுவில் நான் கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். எந்தக் கோப்பு எந்த மேசையில் யாருக்காகத் தூங்குகிறது, எந்த விதியை எந்த விதியால் மடக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கணினி வாங்குவதற்காக ஒரு குழு அமைத்தபோது என்னை அதற்குச் செயலாளராகப் போட்டார்கள். எனக்குக் கணினி தெரியாது என்பது அதற்குத் தடையாக இல்லை. குழுவில் பெரும்பாலோருக்கும் தெரியாது.

இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு பெரிய இயந்திரம் வாங்கி, அதிலிருந்து கம்பி இழுத்து ஆங்காங்கே திரையும் விசைப்பலகையும் வைப்பது ஒன்று. துறைக்கு ஒரு சின்ன இயந்திரம் வாங்கிக் கொடுத்துவிடுவது மற்றொன்று. பொது இயந்திரம் என்றால் எல்லாத் தகவலும் ஒரே இடத்தில் சேரும். அதன் அருமை விளக்கும்போதே புரிந்தது, எனக்குக்கூட.

விளக்க வந்தவர் மெட்ராஸிலிருந்து கம்பெனி அனுப்பிய இளம் இன்ஜினியர். நன்றாகத்தான் பேசினார். கடைசியில், இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு ஒருவர் பொறுப்பாளராக இருந்தாக வேண்டும், அவரிடம் தலைமை பாஸ்வேர்டு இருக்கும், அவர் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றார்.

"எல்லாத்தையும்னா?" என்றார் இயற்பியல் துறைத் தலைவர்.

"எல்லாமே சார். யார் ஃபைலையும் திறக்கலாம், யார் வேலையையும் நிறுத்தலாம். அப்பதான் ரிப்பேர் பார்க்க முடியும்."

"அந்த ஆளு யாரு?"

"அது உங்க விருப்பம் சார்."

விருப்பம் என்ற சொல்லை ஒரு பல்கலைக்கழகக் குழுவின் நடுவில் இப்படித் திறந்து வைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இயற்பியல் தலைவருக்கும் புள்ளியியல் தலைவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. வளாகத்தில் முதலில் வந்த குளிர்சாதனப் பெட்டி யார் துறைக்கு என்பதில் தொடங்கிய பிணக்கு. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும்போதுகூடக் குழுத் தலைவரின் நாற்காலியைப் பார்த்துத்தான் மறுப்பார்கள்.

"இயற்பியல்ல இருந்து ஒருத்தர உக்கார வச்சா, என் ஆராய்ச்சிய அவரு ஆளு ஒக்காந்து படிப்பான். அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்," என்றார் புள்ளியியல் தலைவர்.

"படிச்சாப் புரியணுமே," என்றார் இயற்பியல் தலைவர், மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி.

கூட்டம் முடிந்ததும் பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விதியை எழுதும்போது அதை வாசிக்கப் போகிறவனின் முகத்தையும் நினைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பார். "ரெண்டு பேரும் ஒரே லிப்டுல கூட ஏற மாட்டாக. பொது மெஷின்தான்யா நல்லது, எனக்கே வெளங்குது. ஏதாச்சும் வழி இருக்கா?" என்றார்.

என்னிடம் வழி இருந்தது. வினாத்தாள் வைக்கும் அறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி ஓர் அதிகாரியிடம், இன்னொன்று வேறோர் அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். பாஸ்வேர்டையும் அப்படி வைத்தால் என்ன? முதல் பாதியை ஒருவர் அடிப்பார், மறு பாதியை மற்றவர் அடிப்பார். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியாது.

இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "முடியும் சார். ஆனா..." என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. முடியும் என்ற சொல் காதில் விழுந்ததுமே பதிவாளர் எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன்.

குழு என் யோசனையை ஒருமனதாக ஏற்றது. யார் முதல் பாதியை அடிப்பது என்பதற்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் தேவைப்பட்டது. பணிமூப்பு அடிப்படையில் இயற்பியல் தலைவருக்கு முதல் பாதி என்று முடிவாயிற்று. தான் அடிக்கும்போது அவர் வெளியே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு புள்ளியியல் தலைவர் ஒப்புக்கொண்டார். பணிமூப்பின் மகிழ்ச்சியில் இயற்பியல் தலைவர் எங்களிடம், "என் பாதி ஒரு முழு வாக்கியம். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது," என்றார்.

இயந்திரம் வந்தது. அதைக் கவனிக்கப் புரோகிராமர் என்று ஒரு தற்காலிகப் பணியிடம் உருவாக்கினோம். 'பொதுக் கணினி மையத்துக்கான பணியிடம்' என்று உத்தரவில் நானே எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு, இரண்டு ஆண்டு முடிந்ததும் அதே குழு பரிந்துரைத்தால் நிரந்தரம். அந்த இடத்துக்கு வந்தவர் பாண்டியம்மாள்.

மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கணிதத்தில் முதுகலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், இவர் சம்பளத்தில். இதையெல்லாம் அவர் இரக்கம் கேட்டுச் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் நான் பார்த்ததும் பேச்சுவாக்கில் காதில் விழுந்ததும்தான். நிரந்தரமாகிவிட்டால் ஊரில் ஓட்டு வீட்டை மாற்றிக் கட்ட வேண்டும் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

வந்த சில மாதங்களிலேயே ஒரு மாணவருக்கு ஒரே எண் என்ற முறையில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். சேர்க்கை, விடுதி, நூலகம், மதிப்பெண் எல்லாம் அந்த ஓர் எண்ணில். இன்று நீங்கள் செய்யத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான். தேர்வு முடிவுகள் முன்னெப்போதையும்விடச் சீக்கிரம் வந்தன.

ஒரே தொல்லை மின்வெட்டு. கரண்ட் போய் வந்தால் தலைமை பாஸ்வேர்டைப் போட்டு டிஸ்க்கைச் சரிபார்த்த பிறகே மற்றவர்கள் உள்ளே வர முடியும். அதாவது, இரண்டு பேராசிரியர்கள் வர வேண்டும். உதவியாளர் கருப்பையா சைக்கிளில் போய் அழைத்து வருவார். விடுமுறை நாளாக இருந்தால் புள்ளியியல் தலைவர் வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வந்து, இயற்பியல் தலைவர் வெளியே போகும்வரை நின்று, பிறகு உட்கார்ந்து, ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு மறு கையின் ஒற்றை விரலால் அடிப்பார். அறையில் பாண்டியம்மாளும் நானும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

"மொய்க் கவருக்குள்ள ஆருக்கும் தெரியாம காசு வைக்கிற மாதிரியே இருக்குல்ல சார்," என்று பாண்டியம்மாள் சுவரைப் பார்த்தே சொல்வார்.

"ஒங்களுக்கென்ன பாண்டியம்மா, சிரிப்பீக. சைக்கிள் மிதிக்கிறவன் நானு," என்பார் கருப்பையா.

இயந்திரம் திறந்துகொள்ளும். தான் திறந்ததாக இருவரும் நினைத்துக்கொண்டு தனித்தனி வாசல் வழியாகப் போவார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. சிரித்தோமே தவிர, மையம் நன்றாக நடந்தது. அந்த நாட்களில் என் யோசனையைப் பற்றி எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

பிறகு அந்தத் தேர்வு முடிவு நாள் வந்தது. மறுநாள் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாள். பட்டத் தேர்வு முடிவு கையில் இல்லாமல் விண்ணப்பம் கொடுக்க முடியாது. காலையிலிருந்தே மாணவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். நண்பகலில் கரண்ட் போயிற்று. வந்தபோது வழக்கம்போல இரு தலைவர்களும் அழைக்கப்பட்டார்கள். ஒருவர் அடித்தார், வெளியே போனார். மற்றவர் அடித்தார். இயந்திரம் தவறு என்றது.

மீண்டும் அடித்தார்கள். தவறு. அடிக்கும் எழுத்து திரையில் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மூன்றாவது முறையும் தவறு என்றதும் இயற்பியல் தலைவர் பாண்டியம்மாளைப் பார்த்தார்.

"ஆரு பாதி தப்புன்னு அது சொல்லாதா?"

"மெஷினுக்குப் பாதி கிடையாது சார். மொத்தமாச் சரி, இல்லாட்டி மொத்தமாத் தப்பு."

"நான் சரியாத்தான் அடிச்சேன்."

"அப்ப நான் தப்பா அடிச்சேங்கிறீகளா?" என்றார் புள்ளியியல் தலைவர். பல வருடத்துக்குப் பிறகு அவர் நேராக அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

"நான் சொல்லல. மெஷினு சொல்லுது."

இருவரும் போய்விட்டார்கள். கம்பெனிக்குத் தொலைபேசி போட்டால், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று உரியவர் எழுதிக் கொடுத்தால் ஆள் அனுப்புகிறோம், நாளை மாலைக்குள் வந்துவிடுவார் என்றார்கள். உரியவர் யார்? எழுதிக் கொடுத்தவர் மறந்தவர் ஆகிவிடுவார். இருவர் வீட்டுக்கும் ஆள் போயிற்று. இருவருமே எழுத மறுத்துவிட்டார்கள்.

வாசலில் ஒருவன் கருப்பையாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இன்னைக்கு வருமா வராதா, அத மட்டும் சொல்லிருங்கண்ணே. வராதுன்னா இப்பவே பஸ்ஸப் புடிச்சுப் போறேன்."

பாண்டியம்மாள் என் மேசைக்கு வந்தார். "சார், பாஸ்வேர்டே வேணாம். கம்பெனி குடுத்த டேப்ப மாட்டி அதுலருந்து மெஷினக் கெளப்புனா உள்ள போயிரலாம்."

"இது எப்பருந்து தெரியும்?"

"மொத நாள்லருந்து."

அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அடுத்த மாதம் அதே குழுவின் முன் போக இருந்தது. அதைச் சொன்னேன். இதைச் செய்தால் இரட்டைப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன்.

"தெரியும் சார். வெளிய நிக்கிறவுகளுக்கு என் ஃபைலப் பத்தி என்ன தெரியும்? அம்புட்டுப் பேரும் நாளைக்குத் திரும்பி வர முடியுமா?"

பதிவாளர் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். "செய்யச் சொல்லுய்யா. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. வந்து பாத்துக்கிறேன்," என்றார். எழுத்தில் வேண்டும் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. விதி தெரிந்தவனுக்கும் சில நேரம் விதி வாயில் வராது.

மாலைக்குள் முடிவுகள் ஒட்டப்பட்டன. அந்தச் சத்தம் இப்போதும் நினைவிருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் எண்ணைத் தேடும் சத்தம். பாண்டியம்மாள் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் சரியாக வந்ததும் இயந்திரம் தானாகத் திறந்துகொண்டது என்று சொல்லிவிடலாம், யாரும் தோண்ட மாட்டார்கள் என்றேன்.

"கேக்காட்டி சொல்ல மாட்டேன் சார். கேட்டாச் சொல்லிருவேன்," என்றார்.

கேட்டார்கள். குழு கூடியபோது பதிவாளர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அவரது சம்மதம் தொலைபேசியில் வந்தது என்று நான் எழுந்து சொன்னேன். கோப்பில் இருக்கிறதா என்று கேட்டார் புதிய பதிவாளர். இல்லை என்றேன். வாய்மொழி உத்தரவு, சொன்னவரோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிடும் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பாண்டியம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. இயற்பியல் தலைவர்தான் கேட்டார்.

"அப்ப, நீ நெனச்சா எங்க ரெண்டு பேரும் இல்லாம, என்னைக்கு வேணாலும் உள்ள போகலாம். அப்படித்தான?"

"போகலாம் சார். ஒரு நாளும் போனதில்ல."

அந்த அறையில் இருந்த அனைவரும் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டார்கள். கூட்ட நடவடிக்கையில் நான் இரண்டையும் எழுதினேன். ஒப்புதலாகி வந்தபோது இரண்டாவது நீக்கப்பட்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. இயற்பியல் தலைவர் முன்மொழிந்தார், புள்ளியியல் தலைவர் வழிமொழிந்தார். அவர்கள் இருவரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அது. பொது இயந்திரம் பாதுகாப்பற்றது. துறைக்கு ஒன்றாகத் தனி இயந்திரம் வாங்கிப் பூட்டிக்கொள்வதே முறை. அப்படியே ஆயிற்று. இயற்பியலுக்கு ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழி. இயற்பியலில் ஃபோர்ட்ரான் என்பதால் புள்ளியியலுக்குக் கோபோல் என்ற வேறொரு மொழி. அவர்கள் கணக்குகளுக்கு ஃபோர்ட்ரான்தான் பொருத்தம் என்று அத்துறை விரிவுரையாளர்களே முணுமுணுத்தார்கள், தாழ்வாரத்தில். தேர்வுப் பிரிவும் நூலகமும் விடுதியும் ஆளுக்கு ஒரு மூலையில் ஆளுக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டன. உங்கள் நான்கு எண்களும் பிறந்த கதை இதுதான்.

பொது மையம் இல்லை என்றானபின் பொது மையத்துக்கான பணியிடமும் இல்லை. உத்தரவின் வாசகத்தை நான் அவ்வளவு துல்லியமாக எழுதியிருந்தேன். வேறு பிரிவில் போட முடியுமா என்று எனக்குத் தெரிந்த எல்லா விதியையும் புரட்டினேன். வழி இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் குழு வழியாகத்தான் அது போயாக வேண்டும்.

கடைசி நாள் பாண்டியம்மாள் ஒரு டேப் சுருளோடு வந்தார். "புரோகிராம எடுத்து வச்சுருக்கேன் சார். ஆருக்கிட்ட குடுக்கணும்?" முறைப்படி மத்தியப் பண்டகசாலையில் என்றேன். அங்கே கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போனார். அதைப் படிக்கும் இயந்திரம் அதற்குப் பிறகு இந்த வளாகத்துக்கு வரவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் வழக்கமான அலுவலகக் கதை என்று மறந்திருப்பேன். சில வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக மேலூர் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் ஒரு பெண் வந்து, "சார், நல்லா இருக்கீகளா?" என்றார். அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. சென்னையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தார். தம்பியும் வேலைக்குப் போய்விட்டான், வீடு கட்டிவிட்டோம் என்றார். எனக்கு ஓரளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான், "அன்னிக்கு ஆரு பாதிம்மா தப்பு? கடைசிவரை தெரியாமலே போச்சே," என்றேன்.

பாண்டியம்மாள் பஸ் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்த மெஷினு மொத எட்டு எழுத்தத்தான் சார் பாக்கும். அதுக்கு மேல நீங்க எம்புட்டு அடிச்சாலும் கண்டுக்காது."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முதல் பாதி பணிமூப்புக்கு. அது ஒரு முழு வாக்கியம்.

"அப்ப புள்ளியியல் தலைவர்?"

"அவரு ரெண்டு வருசமாச் சும்மாதான் சார் அடிச்சாரு. அது அவரு கண்ணுக்கும் தெரியல, மெஷினு கண்ணுக்கும் தெரியல."

"அன்னிக்குத் தப்பு இயற்பியல் சாரோடதா?"

"வேற ஆரோடது?"

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏம்மா சொல்லல?"

"மொதல்லயே சொல்லியிருந்தா, ஒருத்தரு கையிலதான் சாவி இருக்குன்னு மறுநாளே மெஷின மூடியிருப்பாக. எம் புரோகிராம் ஓடட்டும்னு இருந்தேன்."

"கடைசிக் கூட்டத்துலயாச்சும் சொல்லியிருக்கலாமே. எல்லாம் போகப் போகுதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல."

"வாய் வரைக்கும் வந்துச்சு சார். அங்க புள்ளியியல் சார் மூஞ்சியப் பாத்தேன். வில்லாபுரத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, பொத்திப் பொத்தி அடிச்ச மனுசன்." சிரிக்க முயன்றார். "சொல்லி என்னாகப் போகுது?"

அவருடைய பஸ் வந்துவிட்டது. "வாரேன் சார்," என்று ஏறிப் போனார்.

இரு தலைவர்களும் இன்று உயிரோடு இல்லை. இருவருக்கும் கடைசிவரை இது தெரியாது. ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் போய்விடும் என்று பயந்துதான் அத்தனை கூட்டம் போட்டோம். இரண்டு ஆண்டுகளும் அது ஒருவர் கையில்தான் இருந்திருக்கிறது. யாருடைய ஆராய்ச்சியும் திருடு போகவில்லை. யாருடைய வேலையும் நிறுத்தப்படவில்லை. நாங்கள் பயந்தது ஏற்கெனவே நடந்து, எந்தக் கேடும் இல்லாமல் கழிந்தும் போயிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல், அந்தப் பயத்துக்காக ஒரு நல்ல மையத்தையும் அதை நடத்தத் தெரிந்தவரையும் வெளியே அனுப்பினோம்.

நான்கு எண்களையும் ஒன்றாக்க நீங்கள் ஒரு குழு அமைக்கப் போவதாகச் சொன்னீர்கள். நல்லது. விதிகளைப் பற்றி எது கேட்டாலும் சொல்கிறேன், எல்லாம் நினைவில் இருக்கிறது. அந்த இன்ஜினியர் 'முடியும் சார், ஆனா' என்று சொன்ன பிறகு என்ன சொன்னார் என்பது மட்டும்தான் நினைவில் இல்லை. எட்டு எழுத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். உங்கள் கூட்டத்தில் யாராவது 'ஆனா' என்று தயங்கி நின்றால், நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள்.